கூம்பு நத்தை கொட்டினால் மனிதன் செத்துப்போவானா?

போவான். ஆனால் எல்லாக் கூம்பு நத்தையாலும் இல்லை. பதிவான சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற ஒரே இனம்தான். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளப்பாறைகளில் வாழ்வது. மிஞ்சிப்போனால் 15 செ.மீ. நீளம்.

நான் 11 வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவன். அதனால் இதன் விஷத்தைவிட, மீன் பிடிக்கும் விதம்தான் என்னை உலுக்கியது. நத்தை நடையில் மீனைத் துரத்த முடியுமா? இது வாயை வலைபோல அகல விரித்து, தண்ணீரில் இன்சுலினைக் கலந்துவிடுகிறது! அதுவும் நத்தை இன்சுலின் இல்லை, மீனின் இன்சுலினைப் போலவே செய்தது. செவுள் வழியே உள்ளே போனதும் மீனுக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். தெம்பற்று நிற்கிற மீனை வாய்க்குள் வாங்கிக்கொண்டு, சாவகாசமாகக் குத்தும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் இதை வெளியிட்டார்கள்.

லோ சுகர் வந்தவர்களுக்கு அந்த மீனின் பாடு தெரியும். எனக்கு ஒருமுறை ஓடும் பஸ்ஸில் வந்தது. சட்டைப்பையில் சாக்லேட் இருக்கிறது, அதைப் பிரிக்க விரல் வரவில்லை.

இன்னொரு விஷயம். மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகக் கட்டிக்கொண்டு கிடக்கும். ஊசி போட்ட பிறகு அது பிரிந்தால்தான் வேலை செய்யும். பழைய ரக இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்வது அதனால்தான். நத்தை தண்ணீரில் கலக்கும் இன்சுலினில் அப்படிக் கட்டிக்கொள்ள உதவும் வால்பகுதியே இல்லை. ஆனாலும் நம் உடம்பில் வேலை செய்யக்கூடியது. இன்னும் வேகமான இன்சுலின் செய்ய இதைப் பார்த்து முயல்கிறார்கள்.

சரி, ஆபத்துக்கு வருவோம். இதன் பல்லே விஷம் நிரம்பிய ஈட்டி. கொட்டிய இடம் பெரிதாக வலிக்காமலும் போகலாம். பிறகு உடம்பு மரத்து, மூச்சுத் தசைகள் நின்றுவிடும். முறிவு மருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை செயற்கை சுவாசம் கொடுத்தால் பிழைக்கலாம். ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்தான் மிச்சம் என்று இதற்குச் 'சிகரெட் நத்தை' எனப் பட்டப்பெயர் உண்டு. அது மிகை. இருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ராமேஸ்வரம் கடைகளில் விற்கும் கூம்புச் சிப்பி வெறும் ஓடு, பயமில்லை. கடலுக்குள் கிடப்பதை மட்டும் எடுக்காதீர்கள். அகன்ற பக்கமாகப் பிடித்தால் கொட்டாது என்பார்கள், நம்பாதீர்கள். பல்லை நீட்டிக் குத்தும் அதன் தும்பிக்கை போன்ற குழல் அங்கேயும் வளைந்து வரும்.