பழைய ஆக்சென்ட் கார் வாங்கலாமா? ரிப்பேர் செலவு எவ்வளவு வரும்?

வள்ளியூரில் 2009 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட் பெட்ரோல் வண்டி 1.3 லட்சத்துக்கு வந்திருக்கிறது, வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வர வாங்கலாமா, வீட்டில் எல்லோரும் ‘அது பணத்தைத் தின்னுரும்’ என்று பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் 1.3 லட்சத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் வருடத்திலேயே இன்னும் 50,000 முதல் 70,000 வரை அதில் போட வேண்டியிருக்கும். அந்தப் பணம் தனியாகக் கையில் இருந்தால் வாங்குங்கள். கடைசி ரூபாய் வரை விலைக்கே போய்விடும் என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். 2007 மாடல் ஆக்சென்டை செகண்ட் ஹேண்டாக வாங்கி இன்றுவரை நானேதான் ஓட்டுகிறேன், பில் எல்லாம் எடுத்தும் வைத்திருக்கிறேன். ‘ஒரு வண்டியை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்புச் சொல்லலாமா’ என்று யாராவது வருவார்கள். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. என் கைக்காசு போன கணக்கைச் சொல்கிறேன்.

ஆக்சென்ட் 1999-இல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராக ஆரம்பித்து 2013 வரை விற்ற வண்டி. தெருவுக்குத் தெரு ஓடியதால் இன்றும் திருநெல்வேலியிலேயே பெரும்பாலான சாமான் கிடைக்கிறது, இல்லாவிட்டால் மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அந்த 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் லேசில் சாகாது. அதைச் சாகடிப்பது நம் ஊர் போர்வெல் தண்ணீர்தான்.

சொல்கிறேன். ஒரு மே மாதம் கல்லிடைக்குறிச்சியில் விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு மாமியாரோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் ஏசி காற்று சூடாக வர ஆரம்பித்தது, டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்தேனே தவிர ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை, சூட்டில் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். தம்பிக்கு போன் செய்து, அவன் வந்து, வண்டியைக் கட்டி இழுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அங்கே இருந்தவர் பானெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். “ஹெட்டு போயிருச்சி சார், இன்ஜினப் பிரிக்கணும், ஒரு 45 ஆகும்” என்றார். என்னிடம் இல்லை, தம்பியிடம். தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாது. ‘வண்டி என்னுடையது, ஓட்டினதும் நான்தான், முள் எப்போது ஏறியது என்று என்னிடம் கேளுங்கள்’ என்று சொன்னேன். அதற்கும் தம்பி முகத்தைப் பார்த்துத்தான் பதில் வந்தது. இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கார் வைத்திருக்கிற எத்தனை பெண்களுக்கு இது நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலையில் மேலப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிக் காட்டினார். ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்து மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். சுத்தமாக இருந்தது. “ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். நீங்க ஒடனே ஆஃப் பண்ணுனதால பொழச்சிக்கிட்டு” என்றார். பிறகு ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். செம்மண் கரைத்தது போல் துருத் தண்ணீர் வந்தது. கூடவே வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் விழுந்தன. உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி, அது உள்ளே படிந்து, பாதிக் குழாய்கள் அடைத்தே போயிருந்தன. மேல் ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார், அமுக்கினால் உள்ளே நொறுநொறுவென்று உடைகிறது.

இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்க வேண்டிய இடமும் காலியாக இருந்தது. முந்தைய ஓனரின் மெக்கானிக் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார். “நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குன்னு கழத்திப் போட்டுருதாங்க. இது இல்லேன்னா பெட்ரோல்தான் கூடக் குடிக்கும்” என்று விளக்கினார் அண்ணாச்சி. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடவே விட்டுக்கொண்டிருக்குமாம். உண்மைதான், மாட்டிய பிறகு மைலேஜ் கூடியது.

ரேடியேட்டர் 4,800, ஹோஸ் இரண்டும் 1,100, தெர்மோஸ்டாட் 650, ஃபேன் மோட்டார் 2,400, கூலண்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விக்கும் திரவம்) 900, கூலி 2,500. மொத்தம் 12,350. 45,000 சொன்ன இடத்தில் இதுதான் செலவு. அன்றிலிருந்து கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறு எதையும் ஊற்ற விட்டதில்லை. பெட்ரோல் பங்கில் பையன் பக்கெட்டோடு வந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

மற்றச் செலவுகள் இதைவிடச் சாதாரணம். இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வில் பிஸ்டன் இடித்து, அப்போதுதான் நிஜமாகவே இன்ஜின் பிரிக்க வேண்டிவரும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து எனக்கு 3,500 ஆனது. கிளட்ச் கூலியோடு 9,000. ஏசி கூலிங் காயில் ஓட்டை விழுந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கேஸ் சேர்த்து 7,500. டயர் நான்கும் 15,000, பேட்டரி 4,500. முன்பக்க ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மும் 14,000. இந்தக் கடைசிச் செலவை நான் வண்டியின் கணக்கில் சேர்க்க மாட்டேன். பாதாள சாக்கடைக்குத் தோண்டிவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்களே, அந்தத் தெருக்களின் கணக்கு அது. ரோடு வரி கட்டிய வண்டிதானே இது?

பார்க்கப் போகும்போது வண்டி 2023 டிசம்பரில் எங்கே நின்றது என்று கேளுங்கள். 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் புகுந்ததில் எத்தனையோ கார் மூழ்கியது. கழுவித் துடைத்து விற்றதும் உண்டு. சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கறை அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் கையை விட்டுப் பாருங்கள். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தட்டிப் பாருங்கள். இன்ஜினைச் சரிசெய்யலாம், துருப்பிடித்த பாடியோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, முக்கியம். 2009 வண்டிக்கு 2024-லேயே 15 வருடம் முடிந்துவிட்டது. 2029 வரை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 5,000 கட்டணமும் பசுமை வரியும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முன் பார்க்கும் வேலைச் செலவும் உங்கள் தலையில் விழும். 20 வருடம் தாண்டினால் கட்டணம் 10,000. ‘15 வருடமானால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று சொல்வோருக்கு: அது டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு, இங்கே இல்லை. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்த வண்டி இல்லை என்பது மட்டும் சரி. பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், பெரிய தொகை இல்லை.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் ‘மஸ்கட்ல இருந்து சம்பளம் வருது, இன்னும் இந்த டப்பாவையா ஓட்டுத?’ என்று கேட்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏழு வருட இ.எம்.ஐ.யில் பெரிய வண்டி எடுத்துவிட்டு மாதக் கடைசியில் என் மாமியாரிடம் கைமாற்று வாங்குகிறவர்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. உயரமான வண்டியில் அவரால் ஏற முடியாது. இதில் சேலை தடுக்காமல் உட்கார்ந்து இறங்குகிறார், டிக்கியில் வாக்கரும் திருச்செந்தூருக்குக் கட்டிய சாப்பாட்டுப் பையும் தாராளமாகப் போகின்றன. உங்கள் அப்பா அம்மாவை ஒருமுறை அதில் உட்காரவைத்து, எழுந்திரிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலண்ட் தெளிவாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். துருத் தண்ணீராக இருந்தால் 1.1 லட்சத்துக்குக் கேளுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.