டியேகோ கார்சியாவில் டைவிங் போக வழி உண்டா?

கேள்வி: என்னிடம் ஓபன் வாட்டர் என்ற தொடக்க நிலை டைவிங் சான்றிதழ் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் கெடாத பவளப்பாறை டியேகோ கார்சியா பக்கம்தான் என்று படித்தேன். ராணுவத் தளம் என்றாலும் ஏதாவது பர்மிட் வாங்கி டைவிங் போக முடியுமா? பாய்மரப் படகுக்காரர்களோடு சேர்ந்து போகலாம் என்கிறார் நண்பர். இல்லையென்றால் அதே மாதிரி வேறு இடம் சொல்லுங்கள்.

பதில்: சுற்றுலாப் பயணியாக முடியாது. ராணுவத் தளத்திலோ தீவின் நிர்வாகத்திலோ வேலை இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பயணிகள் விமானம் கிடையாது, டிக்கெட் விற்கும் கப்பலும் கிடையாது.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. டியேகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தின் வெளித்தீவுகளில், கடலைக் கடந்து போகும் வழியில் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய படகுகளுக்கு நங்கூர பர்மிட் தருவதுண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதிகபட்சம் 28 நாள். மருத்துவ அவசரத்துக்கு ஆளைத் தூக்கிப் போகவும், படகு உடைந்தால் சிதிலத்தை அகற்றவும் காப்பீடு காட்ட வேண்டும். அந்த பர்மிட்டிலும் டியேகோ கார்சியாவில் கால் வைக்க முடியாது. பர்மிட் இல்லாமல் நுழைந்தால் அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. டைவிங் ஆசைக்காகப் பெருங்கடலைத் தாண்டும் படகில் ஏறாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தீவு கைமாறினால் திறந்துவிடுவார்கள் என்றும் சிலர் காத்திருக்கிறார்கள். சாகோஸின் இறையாண்மையை மொரிஷியஸுக்குக் கொடுக்க 2025 மே 22 அன்று, அதை ஆண்டுவந்த பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அது நடைமுறைக்கு வந்தாலும் டியேகோ கார்சியா 99 வருடக் குத்தகையில் தளமாகவேதான் இருக்கும்.

அப்புறம், அந்தக் 'கெடாத' என்ற வார்த்தை. 1998இல் கடல் சூடேறியபோது சாகோஸின் பவளமும் பெருமளவு வெளுத்துச் செத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தேறி வந்தது. 2015-16இல் மறுபடி அடி. தேற முடிந்ததற்குக் காரணம், அங்கே மீன்பிடியும் கழிவுநீரும் மிகக் குறைவு என்பது. 2010இல் சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டரை மீன்பிடிக்கத் தடையுள்ள காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கடல் ஏன் ஆளில்லாமல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968க்கும் 1973க்கும் நடுவே, தென்னந்தோப்பில் கொப்பரை போட்டுப் பிழைத்த மக்களைத் ராணுவத் தளத்துக்காக பிரிட்டிஷார் மொத்தமாக வெளியேற்றினார்கள். இதை விட்டுவிட்டு மீன்களின் அழகை மட்டும் பேச எனக்கு வாய் வருவதில்லை.

அங்கே கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு டைவிங் போகும் எவருக்கும் உதவும். தோட்டக் காலத்துக் கப்பல்களோடு சில தீவுகளுக்கு எலி வந்தது, சில தீவுகள் தப்பின. எலி பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும், அதனால் எலி இல்லாத தீவில் கடற்பறவைகள் அப்பிக்கிடக்கும். அவை நடுக்கடலில் மீன் தின்று வந்து கரையில் எச்சமிடுகின்றன, மழை அந்த எச்சத்தின் நைட்ரஜனைப் பவளப்பாறைக்கு இறக்குகிறது. 2018இல் வெளிவந்த ஆய்வு எலித்தீவு ஆறையும் எலியில்லாத் தீவு ஆறையும் ஒப்பிட்டது. எலியில்லாப் பக்கத்தில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம். அதனால் எந்தத் தீவுக்குப் போனாலும், முகமூடி மாட்டுவதற்கு முன் ஒரு தடவை மரங்களை அண்ணாந்து பாருங்கள்.

சரி, உங்களுக்கு நான் சொல்லும் இடம் மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு. சாகோஸுக்கு வடக்கே, அதே கடலடி மலைத்தொடரின் மேல் உட்கார்ந்திருக்கும் வளையத்தீவு. அதுவும் கடற்படைத் தளமாக இருந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ரகசியமாகத் துறைமுகம் கட்டியது, பிறகு விமானப்படைத் தளம் ஆனது, 1976இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைய ஓடுபாதைதான் இன்றைய கான் விமான நிலையம். மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இறங்கியதும் இலவசம். பயண விவரத்தை மட்டும் கிளம்பும் முன் 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும்.

மாண்டா திருக்கைகளை அட்டுவில் வருடம் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் நான் அனுப்புவது 'பிரிட்டிஷ் லாயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலுக்காக. 1944இல் அது காயலுக்குள் பத்திரமாக நின்றிருந்தது. காயலின் நுழைவாய்க்காலை அடைத்திருந்த டார்பிடோ தடுப்பு வலையின் இடைவெளி வழியாக, வெளியிலிருந்தே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவை விட்டது. கப்பல் பிழைத்தது. 1946இல் பிரிட்டிஷாரே அதை மூழ்கடித்தார்கள். இப்போது வலது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, மேல்விளிம்பு சுமார் 16 மீட்டரில், அடி 33 மீட்டரில். உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை, ஆகவே மேல்விளிம்பை ஒட்டி மட்டும் நீந்தலாம். முழுதும் பார்க்க அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிட்டுப் போங்கள். காயலுக்குள் தண்ணீர் சற்றுக் கலங்கல், டார்ச் தேவைப்படும். தகடுகளில் முளைத்த பவளத்தைப் பார்க்கக் கிட்டே போகலாம், பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். துருவேறிய இரும்பு கையுறையையும் கிழிக்கும்.

கடைசி டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அந்த நாளுக்கு ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். கானிலிருந்து ஹிததூ வரை தீவுகளைப் பாலச்சாலையால் இணைத்திருக்கிறார்கள். மேடே கிடையாது, வெயிலுக்கு முன் கிளம்பினால் போதும்.