“நிதி இல்லை” என்பது பதில் ஆகாது

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோடு வரை உள்ள மூன்று கிலோமீட்டர் சாலை மிகவும் குறுகலானது. எதிரே பஸ் வந்தால் பைக்கில் போகிறவர்கூட மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். இதில் கல் குவாரி டிப்பர் லாரிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஒரு வளைவில் சீமைக் கருவேலம் மண்டி எதிரே வருவது தெரியவில்லை. அதை ஒட்டியே சுற்றுச்சுவர் இல்லாத ஒரு தனியார் கிணறும் இருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் சாலை ஓரம் வரை வேலி போட்டுவிட்டார். போன மாதம் அந்த வளைவில் நடந்து வந்த என் மாமனாரை டிப்பர் மோதி, அவர் கால் முறிந்துவிட்டது. ஊராட்சியில் கேட்டால் ஒன்றிய அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். அங்கே “நிதி இல்லை” என்கிறார்கள். ஊரில் பணம் திரட்டி நாங்களே வேகத்தடை போட்டு, லாரிகளை மறிக்கலாமா?

– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் அச்சுறுத்தியது அந்தக் கிணறுதான். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்குகிற வாகனம் நேராகப் போய் விழக்கூடிய இடம் அது. அதற்குச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவுதான். பொது வழியை ஒட்டியுள்ள குளம், கிணறு, பள்ளம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு வேலி அமைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை அது நிர்வாக நடுவருக்குத் தருகிறது. உங்களைப் பொறுத்தவரை அவர் வருவாய்க் கோட்டாட்சியர். பொது வழியில் உள்ள சட்டவிரோத இடையூறுகளை அகற்றவும் அதே பிரிவில் அவர் உத்தரவிடலாம். உரிய முறையில் பிறப்பிக்கப்பட்ட அந்த உத்தரவை எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. மனுவில் சர்வே எண், சாலை விளிம்பிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி, சுவர் இல்லாத பக்கம் எது என்பதை எழுதுங்கள். வளைவுக்கு இரு பக்கமும் நின்று எடுத்த புகைப்படங்களை இணையுங்கள். “ஆபத்தாக உள்ளது” என்று மட்டும் எழுதிய மனுக்கள் கோப்பில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அளவும் படமும் உள்ள மனுவுக்கு வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து அறிக்கை தந்தே ஆக வேண்டியிருக்கும்.

அடுத்து, சாலை யாருடையது என்பது. தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், ஒன்றியச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழும் இருக்கின்றன. இதை வாய்மொழியாகக் கேட்டால் பந்தாடத்தான் செய்வார்கள். பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள்: சாலை எந்த வகைப்பாட்டில் உள்ளது, பதிவேட்டின்படி அகலம் எவ்வளவு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கையில் வந்த பிறகு யாரும் உங்களை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. பதிவேட்டு அகலமும் இப்போதுள்ள அகலமும் ஒத்துப்போகாவிட்டால், வட்டாட்சியரிடம் அளவீடு கேளுங்கள். வேலி புறம்போக்கில் இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். குறுகிய சாலை என்று நாம் நினைப்பவற்றில் பல, வேலியாலும் கருவேலத்தாலும் குறுகியவையே.

“நிதி இல்லை” என்ற பதிலை நான் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, சாக்கடையைச் சீர்செய்யும்படி நடுவர் இட்ட உத்தரவை எதிர்த்து, பணமில்லை என்று வாதிட்டது. 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை நிராகரித்தார். அதுவும் நான் மேலே சொன்ன அதே 133-ஆவது பிரிவில் எழுந்த வழக்குதான். மனுவில் இத்தீர்ப்பை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். புதர் வெட்டவும், வளைவில் எச்சரிக்கைப் பலகையும் குவி ஆடியும் வைக்கவும் பெரிய நிதியும் தேவையில்லை.

டிப்பர் லாரிகளுக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, பொதுமக்கள் பாதுகாப்பு கருதி ஒரு குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ முடியும். பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை கேளுங்கள். முழுத் தடையைவிட இது கிடைப்பது எளிது. அச்சட்டத்தின் 215-ஆவது பிரிவில் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவிலேயே, இதை அந்தக் குழுவின் முன் வைக்கும்படி கேளுங்கள். அதிக பாரம் ஏற்றினால் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதி ஆணையையும் வாங்கிப் பாருங்கள். கிராமச் சாலை வழியாகக் கல் ஏற்றிச் செல்வதற்கு அதில் நிபந்தனை இருந்தால், அது மீறப்படுவதாகக் கனிமவளத் துறையிடம் தனியே புகார் செய்யலாம்.

நீங்களே வேகத்தடை போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வண்ணம் பூசி, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையுடன் இருக்க வேண்டும். ஊரார் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி எழுப்பும் மேட்டில் இரவில் ஒருவர் விழுந்தால், வழக்கு உங்கள் பிள்ளைகள் மீதுதான் வரும். லாரிகளை மறித்தாலும் அப்படியே. குவாரிக்காரர் புகார்தாரராகவும் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவும் மாறிவிடுவீர்கள். வேகத்தடை கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் கதிரைப் பரப்பும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் அதே கூட்டத்தில் நிறுத்துங்கள். பொது வழியை அடைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். நடப்பவர்கள் வலப்பக்கமாக, வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அதிகாரிகள் அசையாவிட்டால், மனு நகல்களுடனும் ஒப்புகைச் சீட்டுகளுடனும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) கோரலாம்.

உங்கள் மாமனார் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மருத்துவமனை ரசீதுகள், லாரியின் காப்பீட்டு விவரம் ஆகியவற்றைத் திரட்டி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே செய்யலாம். சாலைக்கான ரிட் மனுவை உங்கள் பெயரில் போட நினைத்தால், பெண் என்பதாலேயே வருமான வரம்பு எதுவும் இல்லாமல் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு மூலம் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.