ஊர்க்காரர் கடையில் மணிக்கூட்டைப் பார்க்கலாமா?

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. யாழ்ப்பாண நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறேன், ஸ்டொக்கும் நான்தான் பார்க்கிறேன். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு மணி, ஞாயிறு மட்டும் லீவு. ஓவர்டைம் காசு கிடையாது. நியமனக் கடிதமும் தரவில்லை. முதலாளி எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர். அப்பாவுக்குக் கடுமையாக இருந்த இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தன் வானைத் தந்தவர். அவரிடம் போய் ஓவர்டைம் கேட்பது நன்றி கெட்ட வேலை ஆகாதா? சட்டம் என்ன சொல்கிறது? லண்டனில் இருக்கும் அண்ணா தான் இரண்டு வேலை செய்வதாகவும், பன்னிரண்டு மணித்தியாலம் எல்லாம் ஒரு வேலையா என்றும் சிரிக்கிறார். கடையில் இன்னொரு பிள்ளையும் வேலை செய்கிறா. சரியாக ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவா, மிச்சமெல்லாம் என் தலையில். எங்கள் இளைஞர்களுக்கு உழைக்கிற மனம் குறைந்துவிட்டது பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

(பெயர் வேண்டாம்)
யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க இருக்கிறது.

உங்கள் கடைக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்து நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. கிழமையில் ஒன்றரை நாள் லீவு. அதாவது ஐந்து நாள் முழு வேலை, ஒரு நாள் அரை வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு சம்பளம். மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்குரிய காசு வரும். பேச்சுக்கு உங்கள் சம்பளம் 36,000 என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 150 ரூபாய், ஓவர்டைம் என்றால் 225. எட்டிலிருந்து எட்டு வரை நின்று, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் நாளுக்கு 11, ஆறு நாளுக்கு 66. நாற்பத்தைந்தைக் கழியுங்கள், மிச்சம் 21. அதன் பெறுமதி கிழமைக்கு 4,725 ரூபாய், நாலு கிழமைக்கு 18,900. சம்பளத்தில் பாதிக்கு மேல், தம்பி. மாதா மாதம் இவ்வளவு காசை உங்கள் முதலாளிக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

இது காசோடு முடிகிற விஷயமும் இல்லை. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஆகக் கூடியது 57. முதலாளி சதம் குறையாமல் எண்ணித் தந்தாலும் 66 மணித்தியாலம் உங்களை வைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை, நீங்கள் சம்மதித்தாலும் இல்லை. போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், கடை திறந்து உங்களைக் கூப்பிட்டால் அதற்கும் ஒன்றரை நாள் சம்பளம். வேலைக்குச் சேர்த்த அன்றே சம்பளம், நேரம், லீவு எல்லாம் எழுதிக் கையில் தந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

லண்டன் அண்ணாவின் சிரிப்புக்கு நான் அதிக இடம் கொடுக்க மாட்டேன். அவர் இரண்டு வேலை செய்தால் இரண்டு சம்பளம் வருகிறது. அந்த நாட்டில் 1998இலிருந்து கிழமைக்குச் சராசரியாக 48 மணித்தியாலம் என்று வரையறை இருக்கிறது, அதைத் தாண்டி வேலை செய்ய விரும்புகிறவர் அப்படி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். உங்களிடம் யாராவது கையெழுத்துக் கேட்டார்களா? அவருடைய கஷ்டம் பெரியதுதான், நான் மறுக்கவில்லை. அதற்காக உங்கள் கஷ்டம் இல்லாமல் போகாது. இளைஞர்களுக்கு உழைக்கும் மனம் குறைந்துவிட்டது என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கிழமைக்கு 66 மணித்தியாலம் நிற்கிற ஒருவர் அதை எழுதச் சொல்லிக் கேட்பதைப் பார்க்கத்தான் மனவருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வான். கொஞ்ச நாளாக என் அப்பாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில், தோட்டக்காரரின் விளைச்சலைத் தரகுக்கு விற்றுக் கொடுக்கிற ஒரு கொமிஷன் கடையில் கணக்கெழுதினார். எழுபதுகளில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள், எங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தோட்டக்காரர் வீடுகளுக்கு ஓடு போட்ட காலம் அது. கொழும்புக்குப் போகிற லொறிகளில் இரவில்தான் மூட்டை ஏற்றுவார்கள், ஏற்றி முடியும்வரை அப்பா நிற்க வேண்டும். விடிய நாங்கள் எழும்ப முதல் போய்விடுவார், வரும்போது நாங்கள் நித்திரை. அப்பாவின் முகத்தை எனக்கு ஞாயிற்றுக்கிழமை முகமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடையின் பேரேட்டை ஒருமுறை பார்த்தேன். எத்தனை மூட்டை, என்ன நிறை, சாக்குக்குக் கழித்தது, லொறிக் கூலி, மூட்டை தூக்கும் நாட்டாமைக்குக் கொடுத்தது, தேத்தண்ணிச் செலவு, ஒரு சதம் பிசகவில்லை. எல்லாம் அப்பாவின் முத்துமுத்தான கையெழுத்து. அதை எழுதின மனிதர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

அப்பாவின் முதலாளி கெட்டவர் இல்லை. அதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அக்காவின் கலியாணத்துக்கு முன்னுக்கு நின்று எல்லாம் செய்தவர், எனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தவர். அம்மா அவர் பெயரைச் சொல்லாமல் விளக்கு வைக்க மாட்டா. கண் பார்வை மங்கி அப்பா வேலையை விட்ட அன்று வேட்டியும் சால்வையும் ஒரு கடித உறையில் கொஞ்சக் காசும் தந்து அனுப்பினார். வேலை விட்ட பிறகு கைக்கு வருகிற ஊழியர் சேமலாப நிதி 1958இலேயே வந்துவிட்டது, அப்பா பெயரில் ஒரு கணக்குத் திறக்கப்படவே இல்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் மருந்துக்கு நாங்கள் ஒவ்வொருவராகக் காசு சேர்த்தபோதும் அம்மா அந்த முதலாளியின் நல்ல குணத்தையே சொல்லிக்கொண்டிருந்தா. நான் வாய் திறந்தால் 'நன்றி கெட்ட கதை கதையாதை' என்பா. உங்கள் கடிதத்தில் அதே சொல்லைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் வந்தது இல்லை.

அவர் தந்த வானுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள், அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கடனை அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடக்கும்போது போய் நின்று, பந்தல் போட்டு, பந்தி பரிமாறித் தீருங்கள். ஒரு இரவு தந்த வானுக்கு வருடக்கணக்காகக் கிழமைக்கு 21 மணித்தியாலம் கொடுக்கச் சொல்லி எந்த ஊர் முறையிலும் இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்பீர்கள். கேட்கத் தேவையே இல்லாத மாதிரி எல்லாம் அமைந்திருக்கிறதே! நீங்கள் தயங்குவீர்கள் என்று அவருக்குத் தெரியும், தயங்குகிற ஆளாகப் பார்த்துத்தான் ஊரிலிருந்து பொடியன்களை எடுக்கிறார்கள். சொந்தக்காரன், ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம் என்று எங்கள் ஊரில் வேலை கிடைக்கிற அதே வழியால்தான் நேரமும் போகிறது.

அப்புறம் இன்னொருவரையும் யோசியுங்கள். அதே கடையில் மூட்டை இறக்க மலையகத்திலிருந்து வந்து நிற்கும் ஒரு பொடியன் இருக்கலாம், வேறு சாதி என்று ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் இருக்கலாம். அவர்களின் அப்பாவுக்குச் சுகமில்லை என்றால் அந்த வான் வருமா? முதலாளியின் நல்ல மனம் ஆள் பார்த்து வரும். 8 மணித்தியாலம் என்ற கணக்கு எல்லோருக்கும் ஒன்று. 1886இல் சிக்காகோவில் தொழிலாளர் தெருவில் இறங்கியதும், 1919இல் சர்வதேச தொழில் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8, கிழமைக்கு 48 என்று எழுதி வைத்ததும் இதற்காகத்தான்: நல்ல முதலாளி வாய்த்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை யாருக்கும் இருக்கக் கூடாது.

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன், இதில் உங்களை விடுவதாக இல்லை. எட்டிலிருந்து ஐந்தரை என்றால் சாப்பாட்டு நேரம் போக எட்டரை மணித்தியாலம். ஆறு நாளுக்கு 51. சட்டப்படி பார்த்தால் அவாவும் கிழமைக்கு 6 மணித்தியாலம் சும்மா கொடுத்துவிட்டுத்தான் போகிறா. ஐந்தரைக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை தீவுப் பக்கமோ வடமராட்சியோ போகப் பஸ் பிடிக்கிறது எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? மிச்ச வேலை உங்கள் தலையில் விழுவது அவா போவதால் இல்லை, இரண்டு பேர் செய்ய முடியாத வேலைக்கு மூன்றாவது ஆளை எடுக்காததால். நன்றி பார்த்து முதலாளியிடம் வாய் திறக்க மாட்டீர்கள், பக்கத்து மேசைப் பிள்ளையைப் பற்றி மட்டும் எனக்கு முறைப்பாடு எழுதுவீர்கள். வெட்கமாக இல்லையா?

சரி, ஏசினது போதும். ஒரு கொப்பி வாங்குங்கள். வந்த நேரம், போன நேரம், சாப்பிட எடுத்த நேரம், திகதி, ஒவ்வொரு நாளும் அன்றைக்கே எழுதுங்கள். அந்தப் பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் போனதும் இரண்டு பேருமாக முதலாளியிடம் போய் முதலில் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், காசை அதற்குப் பிறகு கேட்கலாம். நியமனக் கடிதமும் சேமலாப நிதி இலக்கமும் அன்றே கேளுங்கள், அது கேட்காமல் விடுகிற விஷயமே இல்லை. நல்ல மனிதர் என்கிறீர்கள், கேட்டால் தரவும் கூடும். தராவிட்டால் யாழ்ப்பாணத்திலேயே தொழில் அலுவலகம் இருக்கிறது, கடைக்குள் வந்து பதிவேடுகளை வாங்கிப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எந்த நிலைக்கும் அந்தக் கொப்பி தேவைப்படும். மாதம் முடிந்ததும் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா