மூச்சு வாங்குகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பயிற்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து சந்தேகங்களை உங்கள் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை: அம்மாவுக்கு 62 வயது. பீடி, சிகரெட் கிடையாது, நாற்பது வருடம் விறகடுப்புதான். சேலை கட்டினாலே மூச்சு வாங்குகிறது. மூச்சுத் தசையைப் பலப்படுத்தினால் சரியாகுமா?

விறகுப் புகையே போதும் மகளே, இங்கே என்னிடம் வரும் அம்மாக்கள் பலருக்கு அதுதான் காரணம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும், அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். இந்த நோயில் காற்று முழுசாக வெளியேறாமல் தேங்கி நுரையீரல் உப்பிவிடுகிறது, அதனால் அந்தச் சட்டி தோசைக்கல் மாதிரி தட்டையாகி, இறங்க இடமில்லாமல் நிற்கும். அப்புறம் கழுத்துத் தசைகள்தான் இழுக்க வேண்டும். அம்மா மூச்சிழுக்கும்போது காரை எலும்புக்கு மேலே பாருங்கள், குழி விழும். ஆக மூச்சுத் தசைகள் ஏற்கெனவே ராப்பகலாகப் பாடுபடுகின்றன, பலப்படுத்துவது அப்புறம். முதலில் தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள்: மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விட வேண்டும். சேலையை நாற்காலியில் உட்கார்ந்தே கொசுவட்டும், கை தூக்கும்போது மூச்சை விடட்டும். சேலைக்கே வாங்குகிறதென்றால் 0 முதல் 4 வரை உள்ள மூச்சுத்திணறல் அளவுகோலில் அது 4, கடைசிப் படி. நெஞ்சக நோய் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

பாறசாலை: மூன்று பந்து கருவி வாங்கிவிட்டேன். தினமும் எத்தனை தடவை ஊத வேண்டும்?

அண்ணா, அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் விரிய உதவும், தசைக்கு அதில் பளு கிடையாது. தசைக்கான கருவியில் ஸ்பிரிங் வால்வு இருக்கும், போதுமான அழுத்தத்தோடு இழுத்தால்தான் திறக்கும். உங்கள் அதிகபட்ச இழுவிசையை அளந்து, அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்கி, ஒரு தடவைக்கு 30 மூச்சு, நாளுக்கு இரண்டு தடவை என்று மெல்லக் கூட்டுவோம். அளக்காமல் வாங்காதீர்கள்.

கொல்லங்கோடு: மூன்று பந்து கருவி நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன்.

வெள்ளறடை: கருவியெல்லாம் எதற்கு? என் அப்பா கபாலபாதியும் கும்பகமும் செய்தே தேறினார்.

அப்பா தேறியது சந்தோஷம். ஆனால் இதை எல்லாருக்கும் சொல்லாதீர்கள். கபாலபாதியில் வேகவேகமாக மூச்சு விட்டால் வெளியேற்ற நேரம் போதாமல் காற்று மேலும் தேங்கும். கும்பகத்தில் மூச்சை உள்ளே அடக்கி வைத்தால் திணறல் கூடும்.

வெள்ளறடை: பிராணாயாமமே தப்பு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மெதுவாக, நீளமாக விடும் பகுதியை நானே சொல்லிக் கொடுக்கிறேன், அப்பாவுக்கு உதவியதும் அதுவாக இருக்கலாம். அடக்குவதையும் விரட்டுவதையும்தான் வேண்டாம் என்கிறேன்.

மார்த்தாண்டம்: அப்போ பலூன்?

பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுப் பலூன் ஊதிய ஒரு தாத்தா, கண் இருட்டி திண்ணையிலேயே சரிந்துவிட்டார். நுரையீரலில் காற்றுக் குமிழ் இருப்பவர்களும், முன்பு நுரையீரல் கிழிந்து காற்றுக் கசிந்தவர்களும் தொடவே கூடாது.

நெய்யாற்றின்கரை: மகனுக்கு 6 வயது, வீசிங்.

குழந்தை மருத்துவரிடம் போங்கள் மக்கா.

பளுகல்: வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 90 என்று காட்டினால் லிட்டரைக் கூட்டலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்த நோயில் பெரும்பாலும் 88 முதல் 92 வரைதான் இலக்கு. 98க்கு ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கி, தலைவலியும் தூக்கக் கலக்கமும் வரும். அப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

களியல்: எந்தக் கம்பெனி கருவி வாங்கலாம்?

கருவிப் பேச்சு இது நான்காவது தடவை. 2018ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மூச்சுத் தசை பலவீனமான இருநூறுக்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து, அவர்களில் ஒரு பாதிக்கு ஸ்பிரிங் வால்வு மாதிரியான தசைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தசை பலமானது, ஆனால் மற்றவர்களைவிட ஆறு நிமிட நடைத் தூரம் கூடுதலாக ஏறவில்லை. கருவி வீண் என்று சொல்லவில்லை, கால்தான் முதலில். மூச்சு வாங்குமே என்று உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைத்து, அடுத்த மாதம் பாதித் தூரத்திலேயே வாங்கும்.

களியல்: நடந்தால் வாங்குகிறதே?

லேசாக வாங்கட்டும். பேச முடிகிற வேகத்தில் நடங்கள், வாங்கினால் மதில் சுவரில் கையூன்றி முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து விடுங்கள். அடங்கியதும் அடுத்த தென்னை வரைக்கும்.