பிரஷ்ய விமானி பேட்ஜ்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் விமானி பேட்ஜ் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. நீள்வட்ட இலைமாலை, மேலே கிரீடம், நடுவில் விமானம். பின்னால் யுங்கர் என்ற பெயரும் 800 என்ற எண்ணும் இருக்கின்றன. தன் தாத்தா அணிந்தது என்கிறார் விற்பவர். விலை கொஞ்சம் அதிகம்தான். அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் சொல்வது பிரஷ்ய ராணுவ விமானி பேட்ஜ். பிரஷ்யாவும் பவேரியாவும் அன்றைய ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த மாநிலங்கள். கைசர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம் தன் பிறந்தநாளான 1913 ஜனவரி 27 அன்று இதை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு அதே தேதியில் (விமானத்திலிருந்து வேவு பார்ப்பவருக்கான) பார்வையாளர் பேட்ஜும், 1918-இல் அதே தேதியில் விமானத் துப்பாக்கி வீரர் பேட்ஜும் வந்தன. நடுவில் பறப்பது டௌபெ ரக விமானம். அதன் இறக்கை நுனிகள் பறவையினுடையதைப் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். பவேரியா தன் விமானிகளுக்குத் தனி பேட்ஜ் வைத்திருந்தது, அதில் கிரீடம் வேறு. அதனால் தாத்தா எந்த மாநிலப் படையில் இருந்தார் என்று முதலில் கேளுங்கள். பதிலும் கிரீடமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே கொஞ்சம் நிதானிக்கலாம்.

இப்போது அந்த முத்திரை. சி. ஈ. யுங்கர் பெர்லினில் இருந்த புகழ்பெற்ற பதக்கத் தயாரிப்பாளர் (யுங்கர்ஸ் விமான நிறுவனம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளும் விற்பனையாளர்கள் உண்டு). புகழ் இருக்கும் பெயரைத்தான் போலி செய்பவர்களும் முதலில் பொறிப்பார்கள். 800 என்பது ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்று சொல்லும் எண். அதன் பக்கத்தில் பிறையும் கிரீடமும் இருந்தால் அது ஜெர்மன் அரசு முறைப்படியான வெள்ளி முத்திரை. ஆனால் அந்த முத்திரை 1888-இல் நடைமுறைக்கு வந்து, கைசர் போன பிறகும் தொடர்ந்து இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளி என்று அது சொல்லும், எந்த ஆண்டு என்று சொல்லாது. முத்திரையை மட்டும் நம்பி நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

நான் நம்புவது பொருள் செய்யப்பட்ட விதத்தை. அன்றைய பட்டறைகள் எஃகு அச்சில் வைத்து உலோகத் தகட்டை அடித்துதான் இவற்றைச் செய்தன. அப்படி அடித்ததில் இலை நரம்பு, கிரீடத்தின் முத்து, கீழே தெரியும் நிலப்பரப்பின் கோடு எல்லாம் கூர்மையாக நிற்கும். போலிகளில் பெரும்பாலானவை அசலில் அச்சு எடுத்து உருக்கி வார்த்தவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் வார்ப்பு தானே காட்டிக்கொடுக்கும்: பள்ளங்களில் ஊசிமுனை அளவு குழிகள், இலை விளிம்பில் மழுங்கல், மாலைக்கும் விமானத்துக்கும் இடைப்பட்ட மூலைகளில் குமிழ். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்த்த பிரதி அசலைவிட நூலளவு சிறியதாகவும் இருக்கும். ஆகவே வெர்னியர் காலிப்பரால் அளந்த நீளமும் அகலமும் வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பிறகு, அசல் என்று நிச்சயமான ஒரு யுங்கர் பேட்ஜின் அளவோடும் படத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் அடித்தவற்றில் அந்த அச்சின் சின்னச் சின்னக் கீறலும் குறையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். அது பொருந்திவிட்டால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் ஊசி, கீல், கொக்கி. முன்பக்கத்தை அழகாகச் செய்பவர்கள் பின்பக்கத்தில் சோம்பல்படுவார்கள். பற்றவைத்த இடத்தில் ஈயம் வழிந்து கிடந்தாலோ, கீல் இன்றைய நகைக்கடைச் சாமான் மாதிரி இருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஊசி மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்ட அசல் பேட்ஜ்களும் நிறைய உண்டு. அவை போலி ஆகா, விலைதான் குறையும்.

தண்ணீரில் மூழ்கடித்து அடர்த்தி பார்க்கலாமே என்று தோன்றும். இந்த ரகத்தில் பல, முன்தகடும் பின்தகடும் ஒட்டிய, உள்ளே கூடாக இருக்கும் பேட்ஜ்கள். உள்ளே அடைபட்ட காற்று கணக்கைக் கெடுக்கும். தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளிருந்தே அரிக்கும். அடகுக்கடை உரைகல்லும் வேண்டாம், உரைத்த தடம் போகாது. உலோகம் என்னவென்று தெரிய வேண்டுமானால், எக்ஸ்-கதிர் கருவி வைத்திருக்கும் நகை மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள், கீறல் இல்லாமல் முடியும். வாங்கிய பிறகு விபூதி போட்டுத் துலக்கவும் கூடாது. அந்தக் கருப்பும் ஒரு சாட்சி. சட்டையில் அணிந்த பொருளில் மேடான இடங்கள் தேய்ந்து பளிச்சென்றும் பள்ளங்கள் கருத்தும் இருக்கும். ரசாயனம் தடவிக் கருக்கியதில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி இருண்டிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேட்ஜ் போர்க்காலத்தது அல்லாமல் இருக்கலாம். 1919-இன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றது. ஆனால் பழைய விமானிகள் பேட்ஜைக் கழற்றவில்லை. 1935-க்குப் பிறகு லுஃப்ட்வாஃபவில் (நாஜி ஜெர்மனியின் விமானப்படை) சேர்ந்தவர்கள் புதுச் சீருடையிலும் அதைக் குத்திக்கொண்டார்கள். தொலைத்தவர்களுக்காக அதே பட்டறைகள் மீண்டும் அடித்துக் கொடுத்தன. இவையும் முறையானவைதான், ஆனால் போர்க்கால விலை கொடுக்க வேண்டியதில்லை.

தாத்தா கதைக்கு வருவோம். பெயரும் படைப்பிரிவும் தேதியும் உள்ள சான்றிதழ் இருந்தால் மட்டும் கதைக்குத் தனி விலை உண்டு. அதைச் சரிபார்ப்பதில் ஒரு சிக்கல். 1945 ஏப்ரலில், படை ஆவணக் காப்பகம் இருந்த போட்ஸ்டாம் நகர் மீது விழுந்த குண்டுகளில் பிரஷ்யப் படை ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. பவேரியப் படையின் பணிப்பதிவேடுகள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எனவே பவேரிய விமானியின் கதையைச் சோதிக்க வழியிருக்கிறது; பிரஷ்யத் தாத்தா என்றால் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கும் காகிதம்தான் கதி.

நாஜி காலத்து லுஃப்ட்வாஃப பேட்ஜ்கள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அங்கே போலி இன்னும் அதிகம். ஸ்வஸ்திகா இல்லாமல் கிடைப்பவை பெரும்பாலும், ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் அணியலாம் என்ற 1957 சட்டத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் செய்தவை, ஆனால் போர்க்காலத்தது என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள்.

உங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: பின்பக்கம், கீல், முத்திரை ஆகியவற்றின் அண்மைப் படங்கள், பக்கவாட்டு விளிம்பின் ஒரு படம், கிராமில் எடை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப எழுத்தில் ஒப்புதல். விளிம்புப் படத்தை மட்டும் தர மறுத்தால் வாங்காதீர்கள். வார்ப்பில் வந்த பிசிறை அரத்தால் ராவிய தடம் அங்கேதான் தெரியும்.