ஃபான்டம் கேமராவின் ரா ஃபுட்டேஜ் கைக்கு வந்ததும் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: ஒரு விளம்பரத்துக்காக ஃபான்டம் ஃப்ளெக்ஸ் 4கே என்ற அதிவேகக் கேமராவில் 1000 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 1000 ஃப்ரேம்) எடுத்த ஷாட்கள் ராவாக, அதாவது சென்சார் பதிந்தபடியே, ஹார்ட் டிஸ்க்கில் வந்திருக்கின்றன. எடிட்டிங் டைம்லைனில் போட்டால் சிஸ்டம் திணறுகிறது, படம் பச்சையடிக்கிறது, பின்னணி துடிக்கிறது. என்ன செய்வது?

சென்னையில் டிஐ (படத்தின் நிறத்தைத் திருத்தி இறுதி வடிவம் தருவது) வேலை பார்க்கிறேன். இந்த மூன்றும் எனக்குப் பழகியவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திணறலுக்கான காரணம் கணக்குப் போட்டாலே தெரியும். 4096×2160 என்றால் ஒரு ஃப்ரேமில் 88 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 12 பிட் வைத்தால் ஃப்ரேம் ஒன்றுக்கு 13 எம்பிக்கு மேல். 25 எஃப்பிஎஸ்ஸில் தடங்கலில்லாமல் ஓட நொடிக்கு 330 எம்பி படித்தாக வேண்டும். சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் அதில் பாதிகூடத் தராது. அதனால் சாஃப்ட்வேரைக் குறை சொல்லாமல், முதலில் எல்லாவற்றையும் வேகமான டிஸ்க்குக்கு செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்த்து காப்பி எடுங்கள். இன்னொரு காப்பி வேறு டிஸ்க்கில். அது முடியும்வரை ஒரு கோப்பையும் திறக்க வேண்டாம், பெயரையும் மாற்ற வேண்டாம்.

அடுத்தது வெட்டிச் சுருக்குவது. 64 ஜிபி மெமரி உள்ள கேமராவில் இந்த வேகத்தில் சுமார் 4.8 நொடிதான் அடங்கும். 25 எஃப்பிஎஸ்ஸில் ஓட்டினால் அதுவே 3 நிமிடம் 12 நொடி. இந்தக் கேமரா மெமரியில் வட்டமாக எழுதிக்கொண்டே இருக்கும். காட்சி நடந்து முடிந்த பிறகுதான் ஆபரேட்டர் ட்ரிகரை அழுத்துவார். ஆகவே உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கோப்பின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும், பின்னாலிருந்து தேடுங்கள். நான் வேலை செய்த ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரத்தில், தேங்காய் தரையில் பட்டு ஓடு விரிந்து, உள்ளிருக்கும் தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி எழும்பிச் சிதறும் வரை மொத்தம் 300 ஃப்ரேம். திரையில் 12 நொடி. 64 ஜிபியில் தேவைப்பட்டது 4 ஜிபி. முன்னும் பின்னும் தாராளமாக விட்டு, ஃபான்டமின் பிசிசி மென்பொருளில் இன், அவுட் (தொடக்கம், முடிவு) வைத்து அந்தப் பகுதியை மட்டும் தனி சினி (ஃபான்டமின் ரா வடிவம்) கோப்பாகச் சேமித்தாலே வேலை பாதி இலகுவாகிவிடும்.

பச்சை நிறம் பழுதல்ல. சென்சாரில் சிவப்பையும் நீலத்தையும் விடப் பச்சையின் உணர்திறன் அதிகம். ஒயிட் பேலன்ஸ் போடாத ரா அப்படித்தான் தெரியும். டாவின்சி ரிசால்வ் என்ற நிறத் திருத்த மென்பொருளில் கேமரா ரா பேனலைத் திறந்து ஃபான்டம் சினி என்பதைத் தேர்ந்து, அங்கேயே ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் சரிசெய்யுங்கள்.

துடிப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1000 எஃப்பிஎஸ்ஸில் அது பத்து ஃப்ரேமுக்கு ஒரு முறை. 25 எஃப்பிஎஸ்ஸில் ஓட்டும்போது நொடிக்கு இரண்டரைத் துடிப்பாகக் கண்ணில் அறைகிறது. 10கே (பத்து கிலோவாட்) டங்ஸ்டன் விளக்கின் இழை தடிமன் என்பதால் அந்த இடைவெளியில் சூடு ஆறாது. வீட்டு பல்பு சற்று ஆறிவிடும். எல்இடியும் ஹெச்எம்ஐயும் (ஷூட்டிங்கில் பயன்படும் ஒரு பெரிய விளக்கு) எப்படி என்பது, அவற்றுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரையும் பாலஸ்டையும் பொறுத்தது.

அந்தத் தேங்காய் ஷாட்டில் முன்னால் பெரிய டங்ஸ்டன். பின்சுவரில் அழகுக்காக ஒரு சின்ன மஞ்சள் பல்பு. சுவர் மட்டும் துடித்தது. அவசரத்தில் யாரோ முழு ஃப்ரேமுக்கும் டிஃப்ளிக்கர் (துடிப்பை அடக்கும் எஃபெக்ட்) போட்டு அனுப்பியிருந்தார்கள். சுவர் பாதி அடங்கியது, ஆனால் அதுவரை நிலையாக இருந்த தேங்காய் எதிர்த்திசையில் துடிக்க ஆரம்பித்துவிட்டது! சுவர் இருளும்போது சாஃப்ட்வேர் மொத்தப் படத்தையும் தூக்குகிறது, தேங்காயும் சேர்ந்து பிரகாசிக்கிறது. தேங்காயை மாஸ்க் போட்டுப் பிரித்து, சுவருக்கு மட்டும் பத்துப் பத்து ஃப்ரேமின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமையும் அந்தச் சராசரிக்குக் கொண்டுவந்ததும் துடிப்பு நின்றது. சிதறும் தண்ணீர்த் துளிகளின் ஓரத்தில் மாஸ்க் ஓட்டவே ஒரு நாள் போனது. எந்த விளக்கு துடிக்கிறது, அதன் வெளிச்சம் எங்கெல்லாம் விழுகிறது என்று முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு எஃபெக்ட் போடுங்கள்.

இங்கேதான் வேலையின் வரிசை முக்கியமாகிறது. ஒரு ஃப்ரேமையும் கழிக்காமல், அத்தனையும் கையில் இருக்கும்போதே துடிப்பை அடக்க வேண்டும், நாய்ஸையும் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) எடுக்க வேண்டும். 1000 எஃப்பிஎஸ்ஸில் 180 டிகிரி ஷட்டர் (ஃப்ரேமின் பாதி நேரம் மட்டும் திறந்திருப்பது) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 2000இல் ஒரு பங்கு நொடி வெளிச்சம்தான். 25 எஃப்பிஎஸ்ஸில் கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்கு, ஐந்து ஸ்டாப்புக்கும் மேல் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதனால் இருட்டான பகுதிகளில் நாய்ஸ் கட்டாயம் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் காட்சி அநேகமாக அசையாமல் நிற்கிறது, நாய்ஸ் மட்டும் மாறுகிறது. டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு, அதாவது அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஒப்பிட்டு நாய்ஸை எடுக்கும் முறைக்கு, இதைவிட நல்ல தீனி கிடையாது. ஒரே ஃப்ரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும் ஸ்பேஷியல் பக்கம் அதிகம் போகவே வேண்டாம், துளிகளின் கூர்மை கெடும்.

ஸ்பீடு ராம்ப் (ஒரே ஷாட்டுக்குள் வேகம் மாறுவது) இருந்தால் இன்னொரு சிக்கல். இயல்பு வேகத்தில் ஓடும் பகுதிக்கு நாற்பதில் ஒரு ஃப்ரேமை மட்டும் எடுத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றும் மங்கல் இல்லாத கூர்மையான படம். அதற்குப் பதில் ஒவ்வொரு நாற்பதிலும் அடுத்தடுத்த இருபது ஃப்ரேமைக் கலந்து ஒன்றாக்குங்கள். 50இல் ஒரு பங்கு நொடி ஷட்டரில் எடுத்தது போல இயல்பான மங்கல் வந்துவிடும். இந்தக் கலவையை லீனியரில் (எண்கள் நிஜ வெளிச்சத்தின் அளவிலேயே இருக்கும் வடிவம்) செய்வது நல்லது. பிரகாசமான பகுதிகளை அமுக்கி வைக்கும் லாகில் செய்தால் துளிகளின் பளபளப்பு செத்துப்போகும்.

எடிட்டருக்கு 1080 ப்ராக்ஸி (வெட்டுவதற்கான சின்ன நகல்) போதும், படத்தின் மேலேயே கோப்பின் பெயரைப் பதித்துக் கொடுங்கள். டைம்கோடை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) மட்டும் நம்ப வேண்டாம். நிஜத்தில் 4.8 நொடியில் எடுத்தது டைம்லைனில் மூன்று நிமிட டைம்கோடைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நிமிடம் கழித்து எடுத்த அடுத்த டேக்கும் அதே எண்களுக்குள் வந்து விழலாம். ஒருமுறை கன்ஃபார்மில் (எடிட்டர் வெட்டியதை மூலக் கோப்புகளோடு பொருத்தும் வேலை) இப்படி ஏழாவது டேக்குக்குப் பதில் எட்டாவது உட்கார்ந்துவிட்டது. தேங்காய்க்குத் தேங்காய் என்ன வித்தியாசம் தெரியும்? இயக்குநர்தான் ஓட்டின் ஒரு கீற்றை வைத்துக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மூலக் கோப்பை அடையாளம் காட்டும் ரீல் நேமைக் கோப்பின் பெயரிலிருந்துதான் எடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நிழல்களை உயர்த்தும்போது படம் அசைந்தாலும் தான் அசையாத மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிகிறதா பாருங்கள். ஷூட்டில் பிளாக் பேலன்ஸ் (வெளிச்சமே இல்லாதபோது சென்சார் காட்டும் அளவைச் சமன் செய்வது) எடுக்காமல் விட்டதன் அடையாளம் அது. இடம் மாறாததால் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதைத் தொடாது. சுற்றியுள்ள நாய்ஸைத் துடைத்து இன்னும் பளிச்சென்று காட்டும். லென்ஸ் மூடியைப் போட்டு, அதே வேகத்திலும் ஷட்டரிலும் எடுத்த கறுப்பு ஷாட் ஒன்று இருந்தால், அதன் நூறு ஃப்ரேமைச் சராசரி எடுத்து, ஒயிட் பேலன்ஸுக்கு முன் லீனியரில் கழித்துவிடலாம். உங்கள் டிஸ்க்கில் முழுக் கறுப்பாக ஒரு கோப்பு இருந்தால் வீண் என்று அழித்துவிடாதீர்கள். இல்லையென்றால், கேமரா இன்னும் வாடகைக் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லையா என்று இன்றே கேமரா அசிஸ்டெண்டிடம் கேளுங்கள். அதே கேமராவை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, மூடி போட்டு ஒரு நொடி எடுத்துத் தரச் சொன்னால் பத்து நிமிட வேலைதான்.